வாட்டர் சில்லரை நிறுத்த மூன்று வழிகள்: பேனல் ஸ்டாப்பா, சிவப்பு பட்டனா, பிரேக்கரா?

பெரிய வாட்டர் சில்லரை, அதாவது பெரிய கட்டடங்களின் ஏசிக்காக நீரைக் குளிர வைக்கும் மெஷினை, கிளப்ப ஒரே ஒரு வழிதான் உண்டு. பம்புகள் ஓட வேண்டும், ஃப்ளோ ஸ்விட்ச் நீரோட்டத்தை உறுதி செய்ய வேண்டும், ஆயில் பிரஷர் ஏற வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கன்ட்ரோலர், குளிர்விக்கும் கேஸை அழுத்தும் கம்ப்ரஸரை ஓடவிடாது. நிறுத்துவதற்கோ மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றில் எதைச் செய்தாலும் மெஷின் நின்றுவிடும், யாரும் தடுக்கப்போவதில்லை. சத்தம் அடங்கிய பிறகு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே நடந்திருப்பது ஒன்றல்ல. சில்லரைப் பாழாக்கும் தவறுகளில் பல இந்த இடத்தில்தான் நடக்கின்றன என்பதால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பேனல் ஸ்டாப்

பேனலில் ஸ்டாப் கொடுத்ததும் கம்ப்ரஸர் உடனே நிற்காது. சுழலும் சக்கரத்தால் கேஸை அழுத்தும் சென்ட்ரிஃபியூகல் மெஷினில், கேஸ் நுழையும் வழியிலுள்ள கைடு வேன்கள் மெல்ல மூடும். திருகு உருளைகளால் அழுத்தும் ஸ்க்ரூ வகையில் ஸ்லைடு வால்வ் லோடைக் குறைக்கும். ஆம்பியர் நன்றாக இறங்கிய பிறகுதான் மோட்டருக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படும். அதற்குப் பிறகும் சென்ட்ரிஃபியூகலின் ரோட்டர் வேகம் தணியாமல் சுழன்றுகொண்டிருக்கும். பேரிங்குகளுக்கு அப்போதும் எண்ணெய் வேண்டும். அதனால்தான் ஆயில் பம்ப் மட்டும் தொடர்ந்து சில நிமிடம் ஓடுகிறது. மெஷின் ரூமில் நின்றால் இதைக் காதாலேயே பின்தொடரலாம்: கம்ப்ரஸரின் கூவல் தேய்ந்து அடங்கும், அதற்கடியில் ஆயில் பம்பின் சன்னமான ரீங்காரம் மிஞ்சும். அந்த ரீங்காரம் தானாக நிற்கும்வரை எந்த ஸ்விட்சிலும் கை வைக்கக் கூடாது.

இந்த வழியின் ஒரே குறை, நேரம் பிடிக்கும் என்பது. அன்றாட நிறுத்தத்துக்கு இதைத் தவிர வேறெதையும் நான் ஏற்க மாட்டேன்.

சிவப்பு பட்டன்

எமர்ஜென்சி ஸ்டாப் என்றாலே மின்சாரம் பட்டென்று போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். இயந்திரங்களின் மின் பாதுகாப்புக்கான ஐஇசி 60204-1 தரநிலை, நிறுத்தங்களை 0, 1, 2 என்று மூன்று வகையாகப் பிரிக்கிறது. 0 என்றால் மின்சாரத்தை உடனே துண்டிப்பது. 1 என்றால் கட்டுப்பாட்டோடு நிறுத்திவிட்டு அதன்பின் துண்டிப்பது. 2 என்றால் நிறுத்திய பிறகும் மின்சாரம் இருக்கும். அவசர நிறுத்தத்துக்கு முதல் இரண்டு மட்டுமே செல்லும். உங்கள் சில்லரின் சிவப்பு பட்டன் இதில் எந்த வகை, அதை அழுத்தினால் ஆயில் பம்ப் ஓடுமா நிற்குமா என்பதை மேனுவலில் இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் வந்த பிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது.

முழு லோடில் ஓடும் மெஷின் சட்டென்று நின்றால், கண்டென்சரில் (கேஸ் சூட்டை வெளிவிடும் பகுதி) அதிக அழுத்தத்தில் இருக்கும் கேஸ் எவாப்பரேட்டரை (கேஸ் கொதித்து நீரைக் குளிர வைக்கும் பகுதி) நோக்கித் திரும்பிப் பாயும். ஸ்க்ரூவில், கேஸை ஒரு பக்கம் மட்டுமே விடும் டிஸ்சார்ஜ் செக் வால்வ் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தடுத்துவிடும். சென்ட்ரிஃபியூகலில் அந்தப் பாய்ச்சல் ரோட்டரையே பின்னோக்கிச் சுழற்றலாம், த்ரஸ்ட் பேரிங் அந்த அடியைத் தாங்க வேண்டியிருக்கும். ஆனாலும் தீ, காதைப் பிளக்கும் உலோகச் சத்தம், கட்டுக்கடங்காத அதிர்வு, யாருக்காவது ஆபத்து என்றால் தயங்காமல் அழுத்துங்கள். பேரிங்கை மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய கேஸ் கசிவில் மட்டும் வரிசை மாறும்: முதலில் வெளியேறுங்கள், அறைக்கு வெளியே பட்டன் இருந்தால் அங்கிருந்து நிறுத்துங்கள். ஆர்-134ஏ போன்ற கேஸ்கள் காற்றைவிடக் கனமானவை. தரையோடு தேங்கி, மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனை இடம்பெயர்த்துவிடும். கண்ணுக்கும் தெரியாது.

பிரேக்கரை இறக்குவது

பழக்கத்தால் பேனலைத் தாண்டிப்போய் பிரேக்கரையோ ஐசொலேட்டரையோ (மின்சாரத்தைப் பிரித்து வைக்கும் ஸ்விட்ச்) இறக்கி மெஷினை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். மூன்று வழிகளில் இதுதான் ஆகக் கெட்டது. லோடு இறங்காது. ஆயில் பம்பும் அதே சப்ளையில் இருந்தால், ரோட்டர் சுழன்றுகொண்டிருக்கும்போதே எண்ணெய் நின்றுபோகும். அதைவிடப் பெரிய ஆபத்து கையை வைத்தவருக்கு. லோடோடு திறக்கக் கூடாத ஐசொலேட்டர்கள் பல உண்டு. ஓடும் பெரிய மோட்டரின் கரண்டை அதில் துண்டித்தால், தொடர்புகளுக்கு நடுவே எழும் ஆர்க் எதிரில் நிற்பவரின் முகத்தில் வெடிக்கக்கூடும்.

கரண்ட் போனாலும் இதே கதிதானே, அப்போது மெஷின் தாங்கவில்லையா என்று கேட்பார்கள். அதற்கென்று தயாரிப்பாளர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பது உண்மை. சில மெஷின்களில் மேலே ஒரு சிறு எண்ணெய்த் தொட்டி இருந்து, புவியீர்ப்பிலேயே பேரிங்குகளுக்கு எண்ணெய் இறங்கும். ரோட்டரைக் காந்த விசையால் தாங்கும் மேக்னெட்டிக் பேரிங் கம்ப்ரஸர்களில் சுழலும் மோட்டரே ஜெனரேட்டராக மாறி, ரோட்டர் நிற்கும்வரை பேரிங்குக்கு மின்சாரம் தரும். அருமையான ஏற்பாடுகள்தான். என்றைக்கோ நேரும் விபத்துக்காகச் செய்தவை அவை, தினசரி உபயோகத்துக்கு அல்ல.

பிரேக்கரை இறக்கினால் இன்னொன்றும் போகிறது: ஆயில் ஹீட்டர். மெஷின் நிற்கும்போது எண்ணெய் சூடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் அதில் கரைந்துகொண்டே போகும். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் இறங்க, கரைந்த கேஸ் ஒரேயடியாகக் கொதித்தெழும். சைட் கிளாஸில் எண்ணெய் மட்டம் காணாமல் போய் வெண்ணுரை மட்டும் புரளும், ஆயில் பம்ப் அந்த நுரையைத்தான் பேரிங்குக்கு அனுப்பும். ஹீட்டர் அணைந்து கிடந்தால் 24 மணி நேரம் போட்டு வைத்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லும் மேனுவல்கள் பல. பழுதுபார்ப்புக்காகப் பிரேக்கரை இறக்குவது வேறு. அது மெஷின் முழுதும் நின்றபின், வேறு யாரும் மின்சாரம் கொடுத்துவிடாதபடி பூட்டும் எச்சரிக்கை டேகும் போட்டுச் செய்வது.

எல்லாம் ஒன்றாகவா, ஒவ்வொன்றாகவா?

சில இடங்களில் ஒரே கட்டளையில் சில்லர், பம்புகள், கூலிங் டவர் ஃபேன் எல்லாம் ஒன்றாக நிற்கும்படி செட் செய்து வைக்கிறார்கள். வசதிதான், ஆனால் இது வேண்டாம். லோடு இறங்கிக்கொண்டிருக்கும்போது, சூட்டைக் கூலிங் டவருக்குக் கொண்டுபோகும் கண்டென்சர் நீர் நின்றுபோனால் கம்ப்ரஸர் ஹை பிரஷரில் ட்ரிப் ஆகும், சென்ட்ரிஃபியூகல் என்றால் சர்ஜும் (கேஸ் முன்னும் பின்னும் அலைமோதுவது) சேர்ந்துகொள்ளும். சில்ட் வாட்டர், அதாவது சில்லர் குளிர வைக்கும் நீர், நின்றால் அதைவிட மோசம். வழக்கமாக 7 டிகிரியில் வெளியேறும் நீர் குழாய்களில் ஓடாமல் கிடந்தால், கம்ப்ரஸர் உறிஞ்ச உறிஞ்ச அது வேகமாக உறைநிலைக்கு இறங்கும். உறையும் நீர் சுமார் 9 சதவீதம் விரியும், செம்புக் குழாய் பிளக்கும், நீர் கேஸ் பக்கம் புகும். அதற்குப் பிறகு நடப்பது ரிப்பேர் அல்ல, கிட்டத்தட்ட மறுகட்டுமானம்.

ஃப்ளோ ஸ்விட்ச் காப்பாற்றும் என்று முழுதாக நம்ப வேண்டாம். துடுப்பு வகை ஸ்விட்சில் துடுப்பு ஒட்டிக்கொண்டால், நீர் ஓடாதபோதும் ஓடுவதாகவே சொல்லும். நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளக்கும் வகை மேல், ஆனால் அதன் மெல்லிய குழாயில் சேறு அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்ப்ரஸர் முழுதும் நின்று சில நிமிடம் கழித்தே பம்புகளை நிறுத்துங்கள். சில்ட் வாட்டர் பம்ப் கடைசியாக நிற்கட்டும்.

மாதக்கணக்கில் நிறுத்தினால்: ஈரமாகவா, உலர்வாகவா?

கண்டென்சர் பக்கம் என் தீர்ப்பு உலர்வுக்கே. கூலிங் டவர் நீர் காற்றோடு உரசி வருவது. அழுக்கும் கிருமியும் அதில் இருக்கும். அசையாமல் நின்றால் சேறு படிந்து, அதனடியில் குழாய் அரித்துக் குழி விழும். நீரை வடித்து, மூடியைத் திறந்து, பிரஷ் ஓட்டி, உலர வையுங்கள். சில்ட் வாட்டர் மூடிய வட்டம் என்பதால், அரிப்புத் தடுப்பு ரசாயனம் சரியான அளவில் இருந்தால் ஈரமாகவே விடலாம். அவ்வப்போது பம்பை ஓட்டினால் போதும். உறைபனி எட்டும் இடமானால் அங்கும் வடித்துவிட வேண்டும். அடியில் தங்கும் நீரும் குழாயைப் பிளக்கும் என்பதால், வடித்த பின் காற்றடித்தும் வெளியேற்றுங்கள்.

கேஸை அப்படியே விடுவதா, பம்ப்-டவுன் (கேஸை எவாப்பரேட்டரிலிருந்து இழுத்து வேறிடத்தில் அடைத்து வைப்பது) செய்வதா? கேஸ் பக்கத்தைத் திறக்கும் வேலை இல்லையென்றால் அப்படியே விடுவதே மேல். பம்ப்-டவுன் செய்துதான் ஆக வேண்டும் என்றால் கண்டென்சர் நீர், சில்ட் வாட்டர் ஆகிய இரண்டு பம்புகளும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஒருவர் எவாப்பரேட்டர் கேஜை விட்டு நகரக் கூடாது. ஆர்-134ஏவுக்கு 0 டிகிரி என்பது கேஜில் சுமார் 28 பிஎஸ்ஐ. திரவம் மிச்சமிருக்கும்போது முள் அதற்குக் கீழே இறங்கினால், உள்ளே கொதிக்கும் கேஸ் குழாயில் நிற்கும் நீரை உறைய வைத்துவிடும். திரவம் நிறைந்த குழாயை இரு பக்கமும் வால்வால் அடைத்துவிடவும் கூடாது. அறைச் சூடு ஏற ஏற, விரியும் திரவத்துக்குப் போக இடமிருக்காது. நீர் மூடியைக் கழற்றும் முன் வென்ட்டைத் திறந்து, அழுத்தம் முழுதும் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே முதல் போல்ட்டில் ஸ்பேனரை வையுங்கள்.