ஓப்பன் ஹவுஸில் பழைய கார் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். 1,25,000 போனது போனதுதான்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறவிட்டால் எழுத மாட்டேன், அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

பழைய கார்களும் ஸ்போர்ட்ஸ் கார்களும் சேர்த்து வைத்திருக்கும் ஒரு தனியார் சேகரிப்பு. எப்போதாவது ஒரு ஞாயிறு எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடுவார்கள். பெயர் போடப்போவதில்லை, கேட்காதீர்கள். பார்வைக்கு வைத்த கார்களுக்கு நடுவே விற்பனைக்கும் இரண்டு மூன்று நிற்கும். அப்படி நின்ற ஒரு எம்ஜிபி ரோட்ஸ்டருக்கு, அதாவது எம்ஜி கம்பெனியின் இரண்டு சீட் திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு, நான் கொடுத்த அட்வான்ஸ் 1,25,000. அட்டையில் இருந்தது: '1965 மாடல், அசல் பாடி, நம்பர் மேட்சிங்.' நம்பர் மேட்சிங் என்றால் எஞ்சினும் பாடியும் தொழிற்சாலையில் ஒன்றாகப் பொருத்திய அதே ஜோடி என்று அர்த்தம். மூன்றும் பொய்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. 1974 கடைசியில் அமெரிக்க விதிகளுக்காகக் குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் போட்டு, காரையும் ஒன்றரை இஞ்ச் தூக்கினார்கள். பார்வையும் கெட்டது, வளைவில் சாய்வும் கூடியது. அதனால் இன்றைக்கும் குரோம் பம்பர் காருக்குத்தான் கிராக்கி. ரப்பர் பம்பர் காரை வாங்கி, குரோம் மாட்டி, உயரத்தை இறக்குவது குற்றமில்லை. சொல்லிவிட்டுச் செய்கிறவர்கள் நிறைய. சொல்லாமல் 1965 என்று அட்டை தொங்கவிடுவது திருட்டு.

எங்கே விழுந்தேன் தெரியுமா? காரைக் காட்டிய ஆள் தன் பாக்கெட்டிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து நீட்டினார். "நீங்களே வெச்சுப் பாருங்க சார், எங்கயாவது பட்டி இருந்தா காரை எடுக்காதீங்க." கதவுக்கு அடியில், வீல் வளைவில், எங்கே வைத்தாலும் டக்கென்று ஒட்டியது. தானே காந்தம் கொடுக்கிறவன் ஏமாற்றுவானா என்று மனசு இளகிவிட்டது. துருப்பிடித்த ஓட்டையை அடைத்துப் பூசும் பட்டியின் மேல் காந்தம் ஒட்டாது, அதைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். உளுத்த தகட்டின் மேல் புதுத் தகட்டை வெல்டிங் வைத்து மூடியிருந்தால் அங்கேயும் ஜோராக ஒட்டும். அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அந்த நிமிஷம் தோன்றவில்லை.

பானட்டைத் திறந்தபோது ரேடியேட்டருக்கு முன்னால் இரண்டு எலெக்ட்ரிக் ஃபேன். 1965 காரில் ஃபேன் வாட்டர் பம்பில் இருக்கும், பெல்ட்டில் சுற்றும். கேட்டேன். "ஹீட் ஆகுதுன்னு மாத்தினோம் சார்." ஃபேனை மாற்றலாம். ரேடியேட்டரே முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்ததே, அது 1976க்குப் பிந்தைய அமைப்பு. அதைக் கேட்க வாய் வரவில்லை. எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தார்கள், ஆயில் பிரஷர் 60 பிஎஸ்ஐ காட்டியது. நின்ற இடத்தில் சிறிது நேரம் ஓடிய எஞ்சினில் தண்ணீர்தான் சூடாகியிருக்கும், ஆயில் கெட்டியாகவே இருக்கும். அந்த 60க்கு அர்த்தமே இல்லை. இருபது நிமிஷம் ரோட்டில் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும்: ஓடும்போது 50 முதல் 80, ஐட்லிங்கில் 10 முதல் 25.

"இன்னொரு பார்ட்டி வந்துட்டிருக்காங்க" என்றதும் 1,25,000 கைமாறியது. மூன்றாம் நாள்தான் அடிப்பக்கம் பார்க்க ஒர்க்‌ஷாப் லிஃப்டில் ஏற்ற விட்டார்கள். ஃபிட்டர் அண்ணன் பத்தே நிமிஷத்தில் பிரித்துப்போட்டார்.

சீட்டுக்குப் பின்னால் பேட்டரிக் கூடு ஒன்றுதான். குரோம் பம்பர் காலத்துப் பாடியில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு, கூடும் இரண்டு. பின்னால் யாராவது ஒரே 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தாலும் கூடு இரண்டும் இருக்கும். பின் ஆக்ஸில் குழாய் வகை, ரோட்ஸ்டரில் 1967 வரை நடுவில் உருண்டையான பாஞ்சோ ஆக்ஸில்தான். மெதுவாக நகரும்போதே முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. 1967 கடைசி வரை முதல் கியருக்கு சின்க்ரோ, அதாவது ஓடும்போது கியர் சத்தமில்லாமல் விழ உதவும் அமைப்பு, கிடையாது, கறமுற என்று கத்த வேண்டும். அதன்பின் வந்த புது கியர்பாக்ஸுக்காக, அது உட்காரும் தரையின் நடு மேடான டனலையே அகலமாக்கினார்கள், ஆக பாக்ஸை மட்டும் மாற்றிவிட்டோம் என்றும் தப்பிக்க முடியாது. சிலிண்டர் ஹெட்டில் ஸ்பார்க் பிளக் பக்கம் நாலு ஓட்டைகள் போல்ட் போட்டு அடைத்திருந்தன. அமெரிக்கா போன கார்களில் புகையைக் குறைக்கக் காற்று செலுத்திய வழி அது. 1965 ஹெட்டில் அதற்கு வேலையே இல்லை.

நம்பர் மேட்சிங் இன்னும் வேடிக்கை. இந்த எஞ்சினின் நம்பர் பிளாக்கில் ரிவெட் அடித்த ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். அதில் 18ஜிபி என்று ஆரம்பித்தது, பாடியில் இருக்கும் சேஸிஸ் நம்பர் தகட்டில் ஜிஹெச்என்3. இரண்டும் 1965க்குக் கச்சிதம். தகடுகள் மங்கிப் பழசாக இருந்தன, ரிவெட்டுகள் மட்டும் பளபளவென்று புதுசு. வேறு காரின் தகடுகளைக் கொண்டுவந்து அடித்தது போலத்தான் இருந்தது.

கடைசியாக சில், அதாவது கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டித் தகடு. திறந்த காரில் முதுகெலும்பே அதுதான். ஒழுங்காக மாற்ற முன் விங்கின், அதாவது முன் மட்கார்டின், அடிப்பகுதியை வெட்டியாக வேண்டும், ஏனென்றால் சில்லின் நுனி அதற்குள் போகிறது. இங்கே வெட்டவே இல்லை, மேலே ஒரு மூடி. ஜாக்கி போடும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கினோம். கதவுக்கும் பின் விங்குக்கும் நடுவே இருந்த இடைவெளி கண்ணெதிரே சுருங்கி, கதவு இறுகி மாட்டிக்கொண்டது. நல்ல பாடி என்றால் அசையாது.

இனி பதில்கள். முதல் போன்: "பழைய காருன்னா அப்படி இப்படித்தான் சார் இருக்கும்." இரண்டாவது: "கார் எங்களுது இல்ல, ஒருத்தர் நிறுத்தி வெச்சிருக்கார்." அவர் நம்பர்? "தர முடியாது." மூன்றாவது: அக்கவுண்ட்ஸில் கேளுங்கள். அக்கவுண்ட்ஸ் ரசீதைத் திருப்பிப் பார்க்கச் சொன்னது. பின்பக்கம் பொடி எழுத்தில் 'உள்ளது உள்ளபடி, அட்வான்ஸ் திரும்பாது'. பணம் வாங்கும்போது அந்தப் பக்கத்தை யாரும் காட்டவில்லை. இப்போது போனை எடுப்பதே இல்லை. 1,25,000, ஒரு பொடி எழுத்து வரிக்கு.

விவரமாக ஒரு செக்லிஸ்ட் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. லிஃப்டில் ஏற்றாமல் பணம் கொடுக்காதீர்கள். எஞ்சின் ஆறிய நிலையில்தான் ஸ்டார்ட் செய்வோம் என்று முதலிலேயே சொல்லுங்கள். எம்ஜி போன்ற பிரிட்டிஷ் கார் என்றால் இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தொழிற்சாலைப் பதிவைப் பார்த்துத் தரும் ஹெரிட்டேஜ் சர்ட்டிஃபிகேட்டைக் கேளுங்கள். தகடு காருடையதுதானா என்பதை அது சொல்லாது, ரிவெட்டை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ரசீதின் இரண்டு பக்கமும் படியுங்கள். அவர்கள் கொடுக்கும் காந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜாக்கி கேளுங்கள்.

அதே காரை அடுத்த ஓப்பன் ஹவுஸுக்கு மறுபடி துடைத்து நிறுத்துகிறார்களாம், அட்டை மாறவில்லை என்று போய்ப் பார்த்த நண்பர் சொன்னார்.