என்கோடர் மாற்ற வருகிறவரிடம் கவனமாக இருங்கள்

செங்கலடியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். அரிசி ஆலைகளுக்கும் அறுவடை மெஷின்களுக்கும் உதிரிப்பாகம் செய்து கொடுப்பதுதான் வேலை. எங்கள் பக்கம் கணினி சொற்படி இரும்பு வெட்டும் சி.என்.சி மில்லிங் மெஷின் வைத்திருப்பவர்கள் குறைவு. பழுது என்றால் கொழும்பிலிருந்துதான் ஆள் வர வேண்டும் என்று நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் 140,000 ரூபா போனது.

பெரும்போக அறுவடைக்கு முன்னால் பேரிங் கூடுகளுக்கு எம்8 மரை வெட்டிக்கொண்டிருந்தேன். துளைக்குள் மரை வெட்டும் கருவிதான் டெப். அதை இறுக்கிப் பிடித்து வெட்டும் ரிஜிட் டெப்பிங்கில், டெப்பைச் சுற்றும் ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றினால், மேலும் கீழும் நகரும் இசட் அச்சு சரியாக 1.25 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். ஸ்பிண்டில் எவ்வளவு சுற்றியது என்று மெஷினின் மூளையான கன்ட்ரோலுக்குச் சொல்வது பெல்ட்டில் ஓடும் என்கோடர். எனக்குப் பத்துத் துளைக்கு ஒன்று, ஸ்பிண்டில் திசை மாறும் இடத்தில் டெப் உடைந்தது.

கொழும்பிலிருந்து பழுது பார்க்க வந்தவர் மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தார். ஒரு சோதனையும் செய்யவில்லை. "என்கோடர் முடிஞ்சுது அண்ணன்" என்றார். அடுத்த வாரம் புதியதைப் பூட்டி, வெறும் காற்றில் ஓட்டிக் காட்டினார். ஆலைக்காரர் வாசலில் காத்து நின்றார், நானும் அவசரத்தில் காசைக் கொடுத்துவிட்டேன். இரும்பில் ஒரு துளை வெட்டிக் காட்டும்படி அப்போதே கேட்டிருக்க வேண்டும். பழைய என்கோடரையும் அவரே எடுத்துப் போனார்.

அன்று மாலை முதல் துளையிலேயே டெப் உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. போன் எடுத்தால், டெப் மட்டம் என்றார். விலை கூடியது வாங்கினேன், அதுவும் உடைந்தது. நிமிடத்துக்கு 500 சுற்றுக் கொடுத்தால் திரையில் 488 காட்டுகிறதே என்று கேட்டேன். உங்கள் ஊரில் வோல்டேஜ் குறைவு என்றார். நீண்டு சுருங்கும் டெப் ஹோல்டர் போடவும் சொன்னார். அது பிழையை மறைக்குமே தவிர திருத்தாது. அதற்குப் பிறகு அவர் போனே எடுக்கவில்லை.

கடைசியில் கல்முனையில் லேத் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வந்தார். கையில் இருந்த, சுற்று வேகம் அளக்கும் மீற்றரைப் பிடித்துப் பார்த்தார், ஸ்பிண்டில் உண்மையில் 500தான் சுற்றியது. பிறகு மெஷினை நிறுத்தி, "கையால பத்துச் சுத்துச் சுத்துங்க தம்பி" என்றார். திரையில் என்கோடர் எண்ணிக்கை 40,000 என்று வந்தது. பழைய என்கோடர் 1024 பல்ஸ், அதாவது ஒரு சுற்றுக்கு 1024 சிக்னல் அனுப்பும். கன்ட்ரோல் அதை நாலால் பெருக்கி எண்ணும், பத்துச் சுற்றுக்கு 40,960 வர வேண்டும். பூட்டியிருந்தது 1000 பல்ஸ் என்கோடர், கன்ட்ரோலில் பழைய எண் அப்படியே கிடந்தது. 20 மில்லிமீற்றர் ஆழத்துக்கு இசட் இறங்குவதற்குள் டெப் 20.48க்குச் சுற்றிவிடும். அந்த அரை மில்லிமீற்றர் இழுபறியில் உடையாமல் என்ன செய்யும்?

எண்ணை 1000 ஆக்கியதும் ஒவ்வொரு துளையிலும் உடைவது நின்றது. ஆனால் இடைக்கிடை உடைவது நிற்கவில்லை. அண்ணன் என்கோடர் தண்டிலிருந்து புல்லிக்கு மார்க்கரால் ஒரு கோடு இழுத்து, முப்பது தடவை முன்னும் பின்னும் ஓட்டினார். கோடு இரண்டாக விலகியிருந்தது. புல்லி பழையதுதான், அதைத் தண்டோடு பிடிக்கும், தலையில்லாத சின்ன கிரப் ஸ்குரூவின் மரை தேய்ந்திருந்தது. திசை மாறும் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் வழுக்கியிருக்கிறது. ஒரு சைஸ் கூட்டி மரை வெட்டி, புது ஸ்குரூ போட்டோம். சில நூறு ரூபாதான். அதற்குப் பிறகு ஒரு டெப்பும் உடையவில்லை.

ஆக, முதல் நாளிலிருந்தே பழுது அந்த ஸ்குரூவில்தான். என் என்கோடருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

யாராவது உங்கள் மெஷினில் கை வைக்கும் முன் என்கோடர் தகட்டைப் போட்டோ எடுங்கள். கழற்றிய சாமானைப் பட்டறையை விட்டு வெளியே விடாதீர்கள். பில்லில் பல்ஸ் எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

என்கோடரைத் திருப்பித் தரச் சொல்லி மூன்று தடவை செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறார், பதில் இல்லை. உங்களிடம் யாராவது பாவித்த 1024 பல்ஸ் என்கோடர் விற்க வந்தால் மூடியைத் திருப்பிப் பாருங்கள். பச்சைப் பெயின்ட் தெறித்த அடையாளம் இருந்தால் அது என்னுடையது.