புவாரோ டிவிடி தொகுப்பு: வாங்கலாமா?

அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோவை வைத்து எடுத்த ஆங்கில டிவி தொடரின் டிவிடி தொகுப்பு விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று கல்முனையிலிருந்து நண்பர் ஒருவர் கேட்டார். என்னிடம் அது பல வருடமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

கதையை விடுங்கள். கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும் நான் திரும்பத் திரும்பப் போடுவது உடுப்புக்கும் வீடுகளுக்கும்தான். கல்லடியில் தையல்கடை வைத்திருக்கிறவன் புவாரோவாக நடிக்கும் டேவிட் சூஷே போட்டிருக்கிற கோட்டை நிறுத்தி நிறுத்தித்தான் பார்ப்பான். காலர் மடிப்பில் ஒரு குட்டி வெள்ளிப் பூச்சாடி, அதில் பூ. ஆள் பருமனாகத் தெரிய உள்ளே திண்டு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் வேஸ்ட்கோட் சுருக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறதே, அது லேசான வேலை இல்லை. தைக்கிறவனுக்குத் தெரியும்.

புவாரோவின் வீடென்று வெளியே காட்டுவது லண்டன் சார்ட்டர்ஹவுஸ் சதுக்கத்தில் 1936இல் எழுந்த ஃப்ளோரின் கோர்ட். முகப்பே வளைந்து வளைந்து போகும். ஏபிசி கொலைகள் கதையில் வருகிற பெக்ஸ்ஹில் டி லா வார் பவிலியன் 1935இல் திறந்தது. வளைவும் நேர்கோடும் அவ்வளவு சுத்தம்.

இனி என் ஆத்திரம். 1989இல் தொடங்கிய பழைய பாகங்கள் 4:3 படம், அதாவது அகலம் நான்கு பங்கென்றால் உயரம் மூன்று பங்கு. என் டிவி அகலத்திரை. திருத்த வேலைக்குப் போய் வந்த நாளிலிருந்து, கரண்ட் போய் வந்தால் டிவி படத்தைத் தானாக இழுத்துவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடுகிறது! வட்டமெல்லாம் முட்டை வடிவம். ஒருவர் அளந்து அளந்து வெட்டின தோள் எங்கேயோ போய் நிற்கிறது. திருத்தினவரிடம் சொன்னேன். "படம் முழுசா நிறைஞ்சி வருது, மறுகா என்ன அண்ண?" என்றார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டி வந்தால்தான் படம் சரி என்பதை அவருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை.

இதில் டிவிடியின் பிழை ஒன்றுமில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். பிந்திய பாகங்கள் அகலத்திரைக்கே எடுத்தவை, இழுபடாது. ஆனால் அவற்றில் நிறம் இருண்டுவிட்டது, புவாரோவின் செயலாளர் மிஸ் லெமனும் 2013இல்தான் மறுபடி வருகிறார். அவருடைய நெற்றிச் சுருள் முடி இல்லாத அந்த அலுவலகம் எனக்குப் பிடிக்கவில்லை.

லண்டன் டிஸ்க் என்றால் ரீஜன் 2 (எந்த நாடுகளுக்கு என்று டிஸ்கில் போடுகிற பிரிவு எண்), உங்கள் பிளேயர் எடுக்குமா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், டிவியில் 4:3 வைத்துவிட்டு மெயினை நிறுத்திப் போடுங்கள். அமைப்பு அப்படியே நின்றால் வாங்குங்கள். நிற்காவிட்டால் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். அந்தக் கோட்டை இழுபட்டுப் பார்ப்பதைவிடப் பார்க்காமலே இருக்கலாம்.