ஸ்லாஷுக்கு எந்த ஷாக்: பிளாஸ்டிக்கா, அலுமினியமா, வெறும் ஆயிலா?

டிராக்சாஸ் கம்பெனியின் ஸ்லாஷ் என்கிற ரிமோட் கண்ட்ரோல் டிரக்கை வாங்கினவர்களுக்கு ஆறு மாதத்தில் ஒரு ஆசை வந்துவிடும். கூட வந்த பிளாஸ்டிக் ஷாக் அப்சார்பரை, சுருக்கமாக ஷாக்கை, கழற்றி எறிந்துவிட்டு, பளபளவென்று மின்னும் அலுமினிய ஷாக் நாலையும் மாட்ட வேண்டும். வண்டி ஓடுவதைவிட அலமாரியில் நிற்கும்போது அழகாக இருக்க வேண்டும் என்கிற ஆசைதான் அதில் பாதி. எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் காசைக் கொட்டுவதற்கு முன் மூன்று வழிகளையும் ஒரே டிரக்கில், ஒரே மைதானத்தில் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. கைவசம் இருக்கும் பிளாஸ்டிக் ஷாக்கைப் பிரித்துச் சுத்தம் செய்து புது ஆயில் ஊற்றுவது ஒன்று. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், பெட்டியில் பெயர்கூட இல்லாத அலுமினிய செட் இன்னொன்று. டிராக்சாஸே விற்கும் பிக் போர் அலுமினிய ஷாக் மூன்றாவது.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஸ்லாஷ் 2008-இல் வந்த 1/10 அளவு டிரக். அமெரிக்காவில் மண்பாதையில் தாவித் தாவி ஓட்டும் ஷார்ட் கோர்ஸ் பந்தய டிரக்குகளைப் பார்த்துச் செய்தது. என்னுடையது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகை. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல், முன் பின் ஆக்சில்களுக்கு இடையே 335 மில்லிமீட்டர். மோட்டார் பின்னால் இருப்பதால் கனமும் பின்னால்தான். கொஞ்சம் உயரமான வண்டி. திருப்பத்தில் சாயும், பிடிப்புள்ள தரையில் சில நேரம் உருண்டே விடும்.

ஷாக்கைப் பற்றிப் பேசும்போது பாதிப் பேர் ஸ்பிரிங்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது, அவ்வளவுதான். குதித்த ஸ்பிரிங்கை அடக்குவது உள்ளே இருக்கும் ஆயில். சிறு துளைகள் போட்ட பிஸ்டன் ஒன்று ஆயிலுக்குள் ஏறி இறங்குகிறது. ஆயில் அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். பிதுங்கிப் போகும்போது அது காட்டும் எதிர்ப்புதான் டேம்பிங். ஆயில் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள், ரப்பர் பந்து மாதிரி குதித்துக்கொண்டே போகும். ஆயில் ரொம்பக் கெட்டியாக இருந்தால் வேறு தொல்லை: வேகமாக அடி விழும்போது ஆயில் துளையில் புகுந்து போக நேரமில்லாமல் ஷாக் கட்டைபோல் இறுகிவிடும், சக்கரம் மண்ணை விட்டுத் தாவிவிடும். எந்த ஷாக் வாங்கினாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும்.

முதல் வழியில் இருந்து தொடங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து நாலு ஷாக்கையும் பிரித்தேன். புதிதில் கண்ணாடிபோல் தெளிந்திருந்த ஆயில், பாத்திரம் கழுவின தண்ணீர்போல் சாம்பல் நிறத்தில் வடிந்தது. ஒரு வருட மண்ணும் தேய்மானமும் அதில் இருந்தது. பிஸ்டனைத் தாங்கும் கம்பியான ராடைத் துடைத்து, நகத்தால் நீளவாக்கில் வருடிப் பார்த்தேன்; கீறல் தட்டினால் அந்த ராடு, ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை அறுத்துவிடும், மாற்றத்தான் வேண்டும். தட்டவில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: ராடைக் கட்டிங் பிளையரால் நேரடியாகப் பிடித்துத் திருகாதீர்கள். நான் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டிச் சுற்றிக்கொண்டுதான் பிடிப்பேன். புது ஓ-ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ் ஒரு துளி போதும்.

ஆயில் ஊற்றுவதில்தான் ஆள் அவசரப்படுவார். ராடை முழுக்க வெளியே இழுத்துவிட்டு, விளிம்பு வரை ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் ஆட்ட வேண்டும். குமிழி குமிழியாக மேலே வரும். கடைசிக் குமிழி வெடிக்கும்வரை மூடக் கூடாது. பத்து நிமிடம் ஆகட்டும், எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பிறகு மூடியைத் தளர்வாக வைத்து ராடை மெல்ல உள்ளே தள்ளினால் மிச்ச ஆயில் ஓரத்தில் வழியும். அப்போது இறுக்குங்கள். இறுக்கின பிறகு இடது வலது இரண்டையும் இரு கையிலும் பிடித்து ஒரே நேரத்தில் அழுத்தி விடுங்கள். ஒன்று முந்தி, ஒன்று பிந்தி வெளியே வந்தால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். ‘சளக் சளக்’ என்று சத்தம் கேட்டால் உள்ளே காற்று.

என்ன ஆயில்? கம்பெனி போட்டுக் கொடுப்பது 30 வெயிட். நான் பின்னால் 40, முன்னால் 35 போட்டேன். வெயிட் என்பது ஆயிலின் கெட்டியைச் சொல்லும் எண், கம்பெனிக்குக் கம்பெனி மாறும் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள். டீம் அசோசியேட்டட் கம்பெனி பாட்டிலில் 30 வெயிட் என்றால் 350 சென்டிஸ்டோக் (கெட்டியை அளக்கும் அலகு), 40 என்றால் 500. வேறு கம்பெனியின் 40 அதே 500 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாட்டிலின் பின்பக்கம் சென்டிஸ்டோக் எழுதியிருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும்.

எங்கள் தெருமுனை பைக் மெக்கானிக் அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுவும் ஃபோர்க் மாதிரிதானே? ஃபோர்க் ஆயில் ஊத்திரு, வேலை முடிஞ்சுது” என்றார்.

“அண்ணே, சின்ன ஷாக். சூடானா உங்க ஆயில் தண்ணியாயிடும்” என்றேன்.

“அப்போ அதையும் என்கிட்டே விட்டுட்டுப் போ, நான் ஓட்டிப் பாக்கறேன்” என்றார். ஆர்வம் ஆயிலில் இல்லை, வண்டியில் என்று அப்போதுதான் புரிந்தது. சொன்னதில் விஷயம் இருக்கிறது, இருந்தாலும் சிலிகான் ஆயில்தான் இங்கே சரி. வெப்பம் ஏறும்போது பெட்ரோலிய ஆயில் அளவுக்கு அது இளகாது. இளகவே இளகாது என்றும் இல்லை. அதனால்தான் மூன்று சோதனையையும் காலை ஏழு மணிக்கே வைத்துக்கொண்டேன். ஏப்ரல் மதியத்தில் ஒன்றையும் விடியற்காலையில் இன்னொன்றையும் ஓட்டிவிட்டு எது நல்லது என்று தீர்ப்பு சொல்வது நியாயமில்லை. பேட்டரியும் ஒரே பேட்டரி. நிக்கல் பேட்டரிக்கும் லிப்போ என்கிற லித்தியம் பேட்டரிக்கும் எடை மாறும், மாறினால் வண்டி அமரும் உயரமும் மாறும்.

சோதனை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வண்டியை முழங்கால் உயரத்திலிருந்து தட்டையாகப் போடுவது, போனில் ஸ்லோ மோஷனில் எடுப்பது. நல்ல ஷாக் ஒரு தடவை அமுங்கி, மேலே வந்து, நின்றுவிடும். இரண்டாவது தடவை ஆடினால் ஆயில் போதாது. அமுங்கவே இல்லாமல் ‘டக்’கென்று விறைத்து நின்றால் ஆயில் ரொம்பக் கெட்டி, இல்லையென்றால் எங்கேயோ பிடிக்கிறது. அப்புறம் ஏரிக்கரையில் டிராக்டர் போன தடம், வரிவரியாகக் காய்ந்த மண். கடைசியில் ஒரு பிளைவுட் பலகையைச் சாய்த்துத் தாவல். தாவும்போது மூக்கு மேலே தூக்கினால் ஷாக்கைத் திட்டாதீர்கள். இந்த டிரக்கின் அகலமான பாடி காற்றைக் குடையாகப் பிடிக்கிறது. பாடியின் பின்பக்கம் வெட்டித் துளை விட்டால் பாதி சரியாகிவிடும்.

புது ஆயில் ஊற்றிய பிளாஸ்டிக் ஷாக் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ மேல். முழங்கால் உயரத்தில் ஒரே அமுக்கு, ஒரே எழுச்சி. டிராக்டர் தடத்தில் பின்பக்கம் முன்புபோல் ஆடவில்லை. செலவு ஒரு பாட்டில் ஆயில், ஒரு செட் ஓ-ரிங். இரண்டு மூன்று பிரியாணிக்கு ஆகும் காசு. குறை என்று சொன்னால், உயரம் மாற்ற ஸ்பிரிங் மேல் பிளாஸ்டிக் ஸ்பேசரைச் செருக வேண்டும், ஒரு ஸ்பேசருக்கும் அடுத்ததற்கும் நடுவில் வேண்டும் என்றால் வழியில்லை. வரிசையாக இருபது முப்பது தாவல் தாவினால் கடைசித் தாவல்களில் சற்று இளக்கம் தெரிகிறது. கொஞ்சம் ஆயில், சின்ன பிஸ்டன், சூடு ஏறத்தான் செய்யும்.

பெயர் தெரியாத அலுமினிய செட்டுக்கு வருவோம். பார்க்க அற்புதம். கையில் எடுத்தால் கனம். மாட்டும்போதே சந்தேகம் வந்தது: ஷாக்கின் கீழ்முனைக் கண்ணியில், வண்டியோடு இணைக்கும் உலோகப் பந்து சரியாக உட்காரவில்லை, இரண்டில் இறுக்கம், ஒன்றில் தொளதொள. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் கையான ஆர்மைத் தூக்கிவிட்டால் அது தன் கனத்தில் தானே கீழே விழ வேண்டும். என்னுடையதில் வலதுபக்க ஆர்ம் அந்தரத்தில் நின்றது. இந்த ஒரே ஒரு சோதனையை எந்த ஷாக் மாட்டினாலும் செய்யுங்கள், பைசா செலவில்லை. கண்ணியை ராவி, பந்தைத் தேய்த்து ஒருவழியாக விழவைத்தேன். மூன்றாவது ஓட்டத்தில் முன்னிரண்டும் கசிந்தன. கசிந்த ஆயிலில் ஏரி மண் ஒட்டி, ராடு முழுக்கச் சந்தனம் குழைத்துப் பூசினதுபோல் ஆனது. அந்தக் குழம்பே ஓ-ரிங்கை அரைத்துவிட்டது. பலகையிலிருந்து கோணலாக இறங்கின ஒரு தாவலில் பின் ராடு வளைந்தது. ஓ-ரிங்கை மாற்றி, ராடை மாற்றி, கண்ணியை மாற்றி ஓட்டலாம்தான், ஆனால் அதற்குள் நல்ல ஷாக்கின் விலையில் முக்கால் போயிருக்கும். எல்லா மலிவு செட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். எனக்கு வாய்த்தது இப்படி.

பிக் போர் வேறு ரகம். உடம்பு அலுமினியம், உள்ளே வழவழப்புக்கு டெஃப்லான் பூச்சு, ராடில் பொன்னிறத்தில் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. ஸ்பிரிங்கை ஸ்பேசரால் இல்லாமல் மரை போட்ட வளையத்தால் ஏற்றி இறக்கலாம், கால் சுற்று, அரைச் சுற்று என்று. ஆர்ம் முதல் முறையே தானாக விழுந்தது. உள்குழாய் பெரிது, பிஸ்டன் பெரிது, ஆயிலும் கூட. அதனால் டிராக்டர் தடத்தின் வரிகளில் சக்கரம் மண்ணோடு ஒட்டியே ஓடியது. எஞ்சின் சத்தம் இல்லாத வண்டியில் இது காதுக்கே தெரியும்: ‘தடதட’ போய் ‘சரசர’ ஆகிறது. முப்பது தாவலுக்குப் பிறகும் முதல் தாவலின் குணம் அப்படியே இருந்தது. ஆனால் முழங்கால் உயரப் போடும் சோதனையில், சரியாக ஆயில் ஊற்றிய பிளாஸ்டிக்குக்கும் இதற்கும் ஸ்லோ மோஷனிலும் பெரிய வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. நிதானமாக ஓட்டுகிறவர், மாதம் இரண்டு தடவை மைதானத்துக்குப் போகிறவர் அந்த விலையை எதற்குக் கொடுக்க வேண்டும்?

மரை வளையம் கிடைத்ததும் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. வளையத்தை இறக்கி ஸ்பிரிங்கை அழுத்திவிட்டு, “ஷாக்கை டைட் வெச்சுட்டேன்” என்பார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறுவதில்லை. வண்டி நிற்கும் உயரம்தான் ஏறுகிறது. விறைப்பு வேண்டுமென்றால் வேறு ஸ்பிரிங் போட வேண்டும். பேட்டரி வைத்து, வண்டியைக் கொஞ்சம் தூக்கிப் போட்டு, அமர்ந்த பிறகு பின் ஆக்சில் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். என் அளவுகோல் அதுதான், அதிலிருந்து முன்னே பின்னே போகலாம்.

ஷாக்குக்கு ஒதுக்கின காசில் கொஞ்சத்தை ஆர்மில் போடுங்கள் என்பேன். அலுமினிய ஆர்ம் வேண்டவே வேண்டாம். சுவரில் இடித்தால் நைலான் வளைந்து திரும்பி வரும். அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான், இல்லாவிட்டால் அடியை அப்படியே உள்ளே கடத்தி ஆர்மைப் பிடித்திருக்கும் பாகத்தை உடைக்கும். உடைய வேண்டியது எது என்று பார்த்தால், கழற்றி மாட்ட ஐந்து நிமிடம் ஆகும் பாகம் உடையட்டும். ஆர்பிஎம் என்கிற கம்பெனியின் நைலான் ஆர்ம் இரண்டு பின்னால் போட்டிருக்கிறேன், படிக்கட்டில் இறக்கியும் உயிரோடு இருக்கிறது.

இப்போது என் வண்டியில் பின்னால் பிக் போர், முன்னால் அதே பழைய பிளாஸ்டிக் ஷாக், 35 வெயிட் ஆயிலோடு. கனமும் தாவலின் அடியும் பின்னால் விழுவதால் காசும் பின்னால் போனது. மைதானத்தில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: “என்ன சார், ரெண்டு ஷாக்கோட காசு தீர்ந்துபோச்சா?” ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.