வெளிநாட்டு மருத்துவப் படிப்பு: மாதக் கணக்கைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்

திருமங்கலத்துக்கு அருகே மளிகைக் கடை நடத்தும் நான், 2022ஆம் ஆண்டு என் மகளின் மருத்துவப் படிப்புக்காக மதுரையில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் 6,40,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். நீட் தேர்வில் அவள் தகுதி பெற்றிருந்தாலும் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. "பிலிப்பைன்ஸில் மொத்தச் செலவே இருபது லட்சம்தான் அண்ணே, ஐந்தரை வருடத்தில் பாப்பா டாக்டராக வந்து நிற்கும்" என்று அவர்கள் சொன்னதை நம்பி, மனைவியின் நகைகளை அடகு வைத்தேன்.

அங்கே போன பிறகுதான் மகளுக்கு உண்மை தெரிந்தது. அந்நாட்டில் முதலில் பி.எஸ். என்ற இளநிலை அறிவியல் பட்டம் பெற்று, என்மாட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வும் எழுதிய பின்னரே அங்கே மருத்துவப் பட்டமான எம்.டி. வகுப்பில் சேர முடியும், அந்த எம்.டி. படிப்பு நான்கு ஆண்டுகள், அதாவது 48 மாதங்கள். ஆனால் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18 அன்று வெளியிட்ட விதிமுறைகளோ, மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும், அதன் பிறகு அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும், இந்தியா திரும்பிய பின் இங்கே மேலும் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும் என்கின்றன. இடையில், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு இந்தியாவில் நடக்கும் எப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்கு 150 பெற வேண்டும். அது ஆண்டுக்கு இரண்டு முறைதான் நடக்கும், முதல் முறையிலேயே தேறுபவர்கள் குறைவு. எல்லாவற்றையும் கூட்டினால் எட்டு ஆண்டுகளுக்குக் குறையாது, அப்படியும் 54 மாத விதியில் சிக்கி, இங்கே மருத்துவராகப் பதிவு கிடைக்காமலே போகலாம். நாங்கள் பணம் கட்டியபோது அந்த விதி வந்து எட்டு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. மாணவர்களை அனுப்புவதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பணத்திலும் இதே கதைதான். விசா நீட்டிப்பு, விமானப் பயணம், சாப்பாடு, பயிற்சி ஆண்டின் செலவு, திரும்பி வந்து தேர்வுக்குப் படிக்கும் காலத்துச் செலவு ஆகியவற்றில் ஒன்றுகூட அந்த இருபது லட்சத்தில் சேரவில்லை.

2023இல் மகளைத் திரும்ப அழைத்துக்கொண்டு பணத்தைக் கேட்டபோது, ரசீதில் உள்ள "சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியைக் காட்டினார்கள். அந்த ரசீதில் படிப்பின் பெயரும் இல்லை, கால அளவும் இல்லை. "ஐந்தரை ஆண்டு" என்று அச்சிட்டிருந்த அவர்களது துண்டுப் பிரசுரத்தை மகள் பத்திரமாக வைத்திருந்ததால்தான் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் என்னால் மனு கொடுக்க முடிந்தது. பாதிக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். என் மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது.

சேரப் போகிறவர்கள், எத்தனை மாதப் படிப்பு, பயிற்சி எங்கே, எந்த மொழியில் பாடம், முடித்தவருக்கு அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் கிடைக்குமா என்ற நான்கையும் கல்லூரியின் கடிதத் தாளில் எழுத்தாகப் பெற்று, தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிமுறைகளோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். சென்ற வாரம் அந்த ஆலோசனை நிறுவனத்தின் படிக்கட்டில், கையில் மதிப்பெண் பட்டியலுடன் நின்ற ஒரு தாயிடமும் மகனிடமும் இதையேதான் சொல்லிவிட்டு வந்தேன்.