ஹேக் நீதிமன்றமா, ஊர் தேடி வரும் நீதிமன்றமா?

போரில் நடக்கும் பாலியல் கொடுமைக்கு நீதி என்றதும் பலரும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரத்தைத்தான் நினைப்பார்கள். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் 2002-03இல் தன் படையினர் செய்த கொடுமைகளுக்காக காங்கோ கிளர்ச்சிப் படைத் தலைவர் பெம்பாவுக்கு அங்கே 18 ஆண்டு தண்டனை கிடைத்தது 2016இல்தான், அப்புறம் 2018இல் மேல்முறையீட்டில் விடுதலையும் ஆகிவிட்டார், அத்தனை வருடம் காத்திருந்த பெண்களுக்கு அந்த வழக்கில் இழப்பீட்டு உத்தரவுகூட வரவில்லை. வயிறு எரிகிறது.

காங்கோவின் ஃபிசியில் 2011 புத்தாண்டு அன்று ராணுவப் படையினர் பெண்கள் மீது ஆடிய வெறியாட்டத்துக்கோ, பக்கத்து பராகாவுக்கே வந்து அமர்ந்த நடமாடும் ராணுவ நீதிமன்றம் பிப்ரவரியிலேயே அவர்களின் தளபதி லெப்டினன்ட் கர்னல் கிபிபிக்கு 20 ஆண்டு கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் எதிரிலேயே விசாரணை. ஆனால் சாட்சி சொன்ன பெண் மறுநாளும் அங்கேதான் வாழ வேண்டும், அந்தப் பயம் சின்னதில்லை.

காங்கோ கிளர்ச்சித் தளபதி ந்டகாண்டா மாதிரி பெரிய தலைகளுக்கு ஹேக் வேண்டும்தான், அவருக்கு 30 ஆண்டு விதித்தது அதுவே. என்னைக் கேட்டால், உலக நாடுகளின் பணம் முதலில் நடமாடும் நீதிமன்றங்களுக்கும் சாட்சிகளின் பாதுகாப்புக்கும் போகட்டும்.