கருவாட்டுக் கடையும் ஊர் ஏஜென்சியும்: திருமலையில நாலு வருச அனுபவம்

2022 தை மாசத்துல இருந்து ஒரே மார்க்கெட்டிங் ஏஜென்சிக்குத்தான் மாசாமாசம் காசு கட்டுறன். நாலு வருசம் தாண்டிட்டு, அதால நல்லது கெட்டது ரெண்டையும் எழுதலாம் எண்டு நினைக்கிறன். இது விளம்பரம் இல்ல, அதால பேர் போடேல்ல.

எங்கட கடை திருகோணமலை திருக்கடலூர்ல, வீட்டோட சேந்த சின்னக் கருவாட்டுக் கடை. நெத்தலி, கட்டா, பாரை, சுறா, சீலா எண்டு கடல் என்ன தருதோ அத நாங்களே வெட்டி உப்புப் போட்டுக் காய வச்சு விக்கிறம். அம்மா காலத்துல எல்லாம் சந்தை யாவாரிக்குக் குடுக்கிறதுதான், விலையும் அவர் சொல்லுறதுதான். கொரோனாவுக்குச் சந்தை பூட்டின நேரம்தான் நேரடியா ஆக்களுக்கு விக்கோணும் எண்டு யோசிச்சு, 2021ல வேற ஊர்ல இருக்கிற ஒரு ஏஜென்சிக்கு ஆறு மாசம் குடுத்தன். அவங்க கெட்டவங்க இல்ல, ஆனா எங்கட ஊரத் தெரியாது. முதல் பெனர் வந்தத விரிச்சுப் பாத்தா "திருகோணமலை" எண்ட சொல்லுல "கோ"வின்ட கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம் பிரிஞ்சு நிக்குது, பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவுல அடிச்சத யூனிகோடுக்கு மாத்தேக்க உடைஞ்சிட்டு எண்டு சொன்னாங்க, அச்சடிக்க முதல் தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒருக்காக் காட்டியிருந்தாப் போதும். அதவிட மோசம், அந்த வருசம் சிவராத்திரி அண்டு காலையில எங்கட பேஜ்ல பொரிச்ச கட்டாக் கருவாட்டுப் படம், அதுவும் காசு கட்டி பூஸ்ட் பண்ணி. கோணேசர் கோயில் இருக்கிற ஊர், பாதிச் சனம் விரதம், என்ட மாமியே ஃபோன் அடிச்சு "என்ன பிள்ள இது" எண்டு கேட்டா. அண்டைக்கு நான் அழுதது உண்மை.

பிறகுதான் டவுனுக்குள்ள ஒரு மேல்மாடியில இருக்கிற இவங்களிட்டப் போனன். அப்ப மொத்தம் அஞ்சு பேர். நான் போன உடனே என்ட கண்ணுல பட்டது சுவர்ல இருந்த பெரிய கலண்டர்தான். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா, கோணேசர் கொடியேத்தம், நோன்பு தொடங்குறது, ரெண்டு பெருநாள், போயா, சேர்ச் திருநாள், பதினோராம் வகுப்பு ஓலெவல் சோதினை எல்லாம் கலர் கலராப் பேனையால வட்டம் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக் கட்டத்துல எல்லாம் சின்னதா ஒரு கோடு. அது என்னெண்டு கேக்க, "அக்கா, வெள்ளிக்கிழமை மீன் இறைச்சி விளம்பரம் நாங்க போடுறேல்ல" எண்டாங்க. அந்த ஒரு கோட்டப் பாத்துத்தான் நான் சேந்தன்.

அடுத்த நாள் காலம்பற ஆறு மணிக்கு ஒரு தம்பி கமராவும் இல்லாம வந்து, நாங்க மீன் வெட்டுறதப் பாத்துக்கொண்டு நிண்டவன். எந்தக் கிழமை ஆர் வாங்குறாங்க, நிலாவெளி, புறாமலை பாக்க வாற சிங்கள ஆக்கள் திரும்பிப் போகேக்க என்ன கேட்டு வாங்குறாங்க, மாரியில கருவாடு எப்பிடிக் காயுது, இப்பிடியே ரெண்டு மணித்தியாலம் கேள்விதான். வாடை தொடங்கி மழை வந்தா எங்களுக்குக் காய வைக்க ஏலாது, கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்லதான் நல்ல சரக்கு, அதே மாசங்கள்லதான் டூரிஸ்ட் ஆக்களும் வாறது. இத விளங்கிக்கொண்டு மாரியில விளம்பரச் செலவக் குறைச்சு, வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் கூட்டினாங்க. எனக்குத் தெரிஞ்ச விசயம்தான், ஆனா அத விளம்பரத்தோட சேத்துப் பாக்க எனக்குத் தெரியாது.

அந்த 2022ல நாட்டுப் பொருளாதாரம் விழுந்து என்ன நடந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல, டொலர் 200ல இருந்து 360க்குப் போச்சு. பூஸ்ட் பண்ணுறது கார்டால டொலர்ல கட்டுறது, அதால அதே விளம்பரத்துக்கு ரெண்டு மடங்கு கிட்டப் போகுது. அவங்களே கோல் எடுத்து "அக்கா இப்ப பூஸ்ட் வேணாம், காசு வீண், வாட்ஸ்அப்புக்கு மாறுவம்" எண்டாங்க. ஒரே மெசேஜப் பல பேருக்கு ஒரேயடியா அனுப்புற புரோட்காஸ்ட் லிஸ்ட்ல ஒரு லிஸ்டுக்கு 256 பேர்தான், அதுவும் அவங்க எங்கட நம்பர சேவ் பண்ணி வச்சிருந்தாத்தான் மெசேஜ் போய்ச் சேரும், அதுக்காக ஒவ்வொரு பைக்குள்ளயும் போடச் சின்னக் கார்ட் ஒண்டு அடிச்சுத் தந்தாங்க, "இந்த நம்பர சேவ் பண்ணுங்க, புதுச் சரக்கு வந்தாச் சொல்லுவம்" எண்டு மூண்டு பாசையிலயும். இண்டைக்கும் என்ட யாவாரத்துல பாதிக்கு மேல அந்த லிஸ்ட்ல இருந்துதான் வருது.

அதே வருசம் ஆடியில பெற்றோல் பங்கீட்டுக்கு கியூஆர் கோட் வந்த நேரம் இவங்க கீழ வாசல்ல மேசை போட்டு, ஸ்மார்ட் ஃபோன் இல்லாத ஆக்களுக்கு ஒரு கிழமையா இலவசமாப் பதிஞ்சு பிரிண்ட் எடுத்துக் குடுத்தாங்க. எங்கட ஐயாவும் அங்க போய்த்தான் ஓட்டோவுக்கு எடுத்தவர். ஆவணியில மண்ணெண்ண லீட்டர் 87 ரூபாயில இருந்து 340க்கு ஏத்தினாங்க, எங்கட பக்கம் சின்ன போட்டெல்லாம் மண்ணெண்ண எஞ்சின், என்ட அவரே பாதி நாள் கடலுக்குப் போகேல்ல. கருவாட்டு விலைய ஏத்தாம இருக்க ஏலாத நிலைம, ஏத்தினா வாங்குற சனம் என்ன நினைக்கும் எண்டு பயம். ஏஜென்சியில வேலை செய்யிற ஒரு தங்கச்சிதான் சொன்னா, மறைக்காம எழுதுவம் எண்டு. ஒரு நாள் கடலுக்குப் போய் வர எத்தின லீட்டர் வேணும், அது முந்தி எவ்வளவு இப்ப எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, உப்பு எவ்வளவு, எல்லாத்தையும் என்ட அவரிட்டக் கேட்டு அவர் சொன்ன மாதிரியே எழுதிப் போட்டாங்க. படம்கூட இல்ல, வெறும் எழுத்து. எங்கட பேஜ்ல அதுக்கு முன்னயும் பின்னயும் அவ்வளவு பேர் ஷேர் பண்ணின ஒண்டு இல்ல, விலையப் பத்தி ஒருத்தரும் சண்டைக்கு வரவும் இல்ல.

கிண்ணியாக் கதையக் கட்டாயம் சொல்லோணும். 2023ல கிண்ணியாவுல இருந்து ஒரு ராத்தா, நெத்தலியில மண் கிடக்கு எண்டு பேஜ்ல எழுதிட்டா. எனக்குக் கோவம், அழிச்சு விடுங்க எண்டன். அந்தத் தங்கச்சி, "அக்கா, அழிச்சா அவங்க நாலு பேரிட்டச் சொல்லுவாங்க, நாளைக்கு பஸ்ல உங்களுக்குப் பக்கத்து சீட்ல அவங்க இருக்கவும் கூடும், வாங்க நேர போவம்" எண்டா. சனிக்கிழமை அவட ஸ்கூட்டியில ரெண்டு பேரும் போனம். அம்மா அந்தக் காலம் கருவாட்டுக் கூடையோட பாதை எண்டு சொல்லுற மிதவைப் படகுல ஏறித்தான் கிண்ணியாவுக்குப் போறவ, 2009ல பாலம் திறந்த பிறகு அஞ்சு நிமிசத்துல தாண்டுறம். நாங்க கொண்டு போன புதுப் பக்கெட்ட அந்த ராத்தா வாங்கேல்ல. உள்ளுக்குப் போய் ஒரு வெள்ளைப் பீங்கான் கொண்டு வந்து, தண்ணி ஊத்தி, மிச்சமிருந்த எங்கட நெத்தலியில ஒரு பிடி போட்டுட்டு பிளேன்டீ தந்தா. குடிச்சு முடிய நெத்தலிய அள்ளி எடுத்துட்டு, பீங்கானை லேசாச் சரிச்சுக் காட்டினா. அடியில வெள்ளையா மணல், விரலால தொட்டா நறநற எண்டுது. அவ ஒரு வார்த்தையும் பேசேல்ல, எனக்கும் பேச வார்த்தை வரேல்ல.

கடற்கரையில பாய் விரிச்சுத்தான் காய வச்சனாங்க, கச்சான் காத்து அடிக்கேக்க மண் வந்து ஒட்டுது, இத்தின வருசம் கழுவினாப் போகும் எண்டு விட்டுட்டம். திரும்பி வந்து ரெண்டு கிழமைக்குள்ள இடுப்பளவு உயரத்துக்குப் பரண் கட்டி வலை அடிச்சம். ஏஜென்சி அந்தப் பரணைப் படம் எடுத்து, "மண் இருந்தது உண்மை, இப்ப இப்பிடித்தான் காய வைக்கிறம்" எண்டு, அந்த ராத்தாவின்ட கேள்விக்குக் கீழயே பதிலாப் போட்டாங்க. அவ இண்டைக்கு வரைக்கும் எங்கட வாடிக்கை, மூதூர்ல இருக்கிற அவட சொந்தக்காரருக்கும் வாங்கி அனுப்புறா. இடையில வேற ஒருத்தர் வந்து கூகுள்ல 50 ரிவியூ போட்டுத் தாறன் எண்டு விலை சொன்னவர், இவங்களிட்டக் கேட்டன், காசு குடுத்து ரிவியூ வாங்குறது கூகுள்ட சட்டத்துக்கே பிழை, பிடிச்சாத் தூக்கிருவாங்க, அதோட உங்கட கடைக்கு ஆர் வாறாங்க எண்டு ஊருக்குத் தெரியாதா அக்கா எண்டாங்க. விட்டுட்டன்.

இனிக் குறைகள். ஒண்டு பெரிய குறை. எங்கட பேஸ்புக் பேஜ அவங்கட ஒரு ஸ்டாஃப் தன்ட சொந்த அக்கவுண்ட்ல இருந்து திறந்து, அவர் மட்டும்தான் அட்மின். 2024ல அவர் கட்டாருக்குப் போயிட்டார், போன கையோட அவர்ட அக்கவுண்ட் லொக் ஆகி, சீசன் நடுவுல மூண்டு கிழமை எங்களுக்கு ஒரு போஸ்ட் போட ஏலாமப் போச்சு. அந்த மாசக் காசு அவங்க எடுக்கேல்ல, மன்னிப்பும் கேட்டாங்க, ஆனா நட்டம் நட்டம்தான். ஆரிட்டக் குடுத்தாலும் முழு அட்மின் நீங்களா இருங்க, உங்கட ஃபோன்ல உங்கட அக்கவுண்ட்ல, ஏஜென்சிக்கு வேலை செய்ய மட்டும் அனுமதி குடுங்க, முதல் நாளே இதக் கேளுங்க.

அடுத்தது, பங்குனி சித்திரையில ஒரு டிசைன் கேட்டா லேசில வராது, திருவிழா நோட்டீஸ், புதுவருச விளம்பரம் எல்லாம் ஒரே நேரம், கோயில் பள்ளி நோட்டீஸ் எல்லாம் அவங்க இலவசமாச் செய்யிறதும் நல்லதுதான், ஆனா காசு கட்டுற எங்கட வேலை அதுக்குப் பின்னால நிக்குது. நான் இப்ப மாசியிலயே எல்லாம் கேட்டு எடுத்து வச்சிருவன். சிங்களத்துல எழுதுறதும் முதல் ரெண்டு வருசம் சரியில்ல, வாற சிங்கள ஆக்களே பிழை எண்டு சொன்னவங்க, கந்தளாயில இருந்து ஒரு சிங்களப் பிள்ளை வேலைக்குச் சேந்த பிறகுதான் திருந்தினது. மாச ரிப்போர்ட் இங்கிலீசுல வந்தது, தமிழ்ல கேட்டு மூண்டு தரம் சண்டை பிடிச்ச பிறகு ஒரு பக்கத்துல தாறாங்க. மாசக் காசு 12,000ல தொடங்கி இப்ப 20,000, பூஸ்ட் செலவு வேற. எங்கள மாதிரிச் சின்னக் கடைக்கு இது கூடத்தான், மாரி மாசங்கள்ல பாதி எடுங்க எண்டு கேட்டுப் பாத்தன், ஒரு வருசம்தான் ஒத்துக்கொண்டாங்க.

ஓலெவல் எழுதிட்டு ரிசல்ட் வரும் வரைக்கும் சும்மா நிக்கிற பிள்ளையளுக்கு இவங்க ஒரு வகுப்பு வைக்கிறாங்க, காசு இல்ல. யூனிகோட் தமிழ் டைப்பிங், ஃபோனால படம் எடுக்கிறது, லேபல் டிசைன். என்ட மகளும் போனவ. அந்தப் பிள்ளையள் பழகுறதுக்கு எங்கட வேலையத்தான் குடுக்கிறாங்க, அதால ஒருக்கா 500 லேபல்ல "சீலா" எண்டது "சிலா" எண்டு வந்து, ஒட்டி முடிச்ச பிறகுதான் கண்டம், அவங்கட காசுலயே திருப்பி அடிச்சுத் தந்தாங்க. அப்பிடியிருந்தும் இந்த வகுப்ப நான் குறை சொல்ல மாட்டன். நிறை, செய்த திகதி, முடியுற திகதி, விலாசம் எல்லாம் லேபல்ல சரியா இருக்கோணும் எண்டு மகள் அங்கதான் படிச்சவ, பிறகு பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்து பாத்துட்டு ஒரு பிழையும் சொல்லேல்ல.

2025 கார்த்திகைக் கடைசியில டிட்வா புயலுக்கு மாவிலாறு அணைக்கட்டு உடைச்சு மூதூர்ப் பக்கம் வெள்ளம் ஏறின நேரம், எல்லாக் கடையின்ட விளம்பரத்தையும் நிப்பாட்டுறம் எண்டு ஒரு மெசேஜ் போட்டுட்டு எங்கள் எல்லாற்ற வாட்ஸ்அப் லிஸ்டாலயும் அரிசி, பால்மா, நப்கின், பாய் எண்டு என்ன வேணுமோ அத மட்டும் எழுதி அனுப்பினாங்க. எங்களிட்ட நல்லாக் காஞ்ச கட்டா 40 கிலோ இருந்தது, குடுத்தன். எனக்குப் பிடிச்சது என்னெண்டா, சாமான் வாங்கின ஒருத்தற்ற முகத்தையும் அவங்க படம் எடுக்கேல்ல, எங்கட கடைப் பேரையும் போடேல்ல, எந்த இடத்துக்கு எத்தின பார்சல் போனது எண்டு கணக்கு மட்டும் அனுப்பினாங்க.

இந்த வருசத்துக்கும் கட்டியிருக்கிறன். வகுப்புல படிச்ச எங்கட பக்கத்து வீட்டுப் பெடியன்தான் இப்ப அவங்களுக்குப் படம் எடுக்கிறவன், கச்சான் தொடங்கினதும் புதுப் பரணை எடுக்க வாறன் எண்டவன், காலம்பற எட்டு மணிக்கு முன்னம் வரச் சொல்லியிருக்கிறன், அதுக்குப் பிறகு வெயில் பட்டு நெத்தலியெல்லாம் வெள்ளையாப் போய் ஒண்டும் வடிவாத் தெரியாது.